கரி இன்ஜினைக் கடைசிவரை விடாத ரயில்வே

1953 டிசம்பரில், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ரோனோக் என்ற ஊரின் ரயில்வே பணிமனையிலிருந்து ஒரு நீராவி இன்ஜின் வெளியே வந்தது. எண் 244. யார்டுக்குள் பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளிக் கோக்கிற ஷன்டிங் இன்ஜின். பார்க்க ஒரு விசேஷமும் இல்லை. ஆனால் அமெரிக்காவின் பெரிய ரயில்வே ஒன்றுக்காக அந்த நாட்டில் கட்டப்பட்ட வழக்கமான நீராவி இன்ஜின்களில் அதுதான் கடைசி. அந்தச் சமயத்தில் மற்ற ரயில்வேக்கள் தங்கள் கரி இன்ஜின்களைப் பழைய இரும்புக்கு எடை போட்டுக்கொண்டிருந்தன. நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் மட்டும் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தது.

சுருக்கமாக என் அண்ட் டபிள்யூ என்று அழைக்கப்பட்ட இந்த ரயில்வே, நாடு முழுக்க ஓடிய ராட்சசக் கம்பெனி இல்லை. கிழக்கே அட்லாண்டிக் கரையில் நார்ஃபோக் துறைமுகம், நடுவே அப்பலாச்சியன் மலைகள், மேற்கே ஓஹையோவின் சின்சினாட்டியும் கொலம்பஸும். அவ்வளவுதான் அதன் உலகம். இந்த வட்டார ரயில்வே ஏன் 1960 வரை நீராவியோடு இருந்தது என்று கேட்டால், பழைய இன்ஜின்மேல் பாசம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. பாசம் வைத்து ரயில்வே நடத்துகிறவர்கள் பங்குதாரர்களுக்கு லாபப் பங்கு கொடுக்க முடியாது. இவர்கள் கொடுத்தார்கள். காரணம் கணக்குப் புத்தகத்தில் இருந்தது, அந்தக் கணக்கு ரொம்ப வருஷம் சரியாகவே வந்தது.

கணக்கின் முதல் வரி நிலக்கரி. 1881இல், திவாலான ஒரு ரயில் பாதையை பிலடெல்ஃபியாவின் முதலீட்டாளர்கள் வாங்கி நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் என்று பெயர் வைத்தார்கள். அவர்களோடு வந்த ஃபிரடெரிக் கிம்பல் என்பவருக்கு மலைக்குள் கிடக்கும் கரிமேல் கண். வர்ஜீனியாவும் மேற்கு வர்ஜீனியாவும் சேரும் இடத்தில் இருந்த பொகஹோன்டாஸ் படுகைக்குப் பாதை போட்டார். 1883இல் முதல் கரி வண்டி கிளம்பியது. புகை குறைவாகவும் சூடு அதிகமாகவும் தரும் கரி அது. அமெரிக்கக் கடற்படை கேட்டு வாங்கியது. பிக் லிக் என்ற சின்ன ஊர் 1882இல் ரோனோக் என்று பெயர் மாறி, தலைமையகமும் பணிமனையுமாக வளர்ந்தது. அதற்கப்புறம் இந்த ரயில்வேக்குப் பிழைப்பு என்றால் மலையிலிருந்து கரியை இறக்கிக் கடலுக்கும் தொழிற்சாலைகளுக்கும் கொண்டுபோவதுதான்.

இப்போது அந்த முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். வாடிக்கையாளர் எல்லோரும் சுரங்கக்காரர்கள். எரிபொருள் தண்டவாளத்தின் ஓரத்திலேயே கிடைக்கிறது, கொண்டுவரும் செலவு கிட்டத்தட்ட இல்லை. கரி விற்றுச் சாப்பிடுகிறவனே அடுப்புக்கு எண்ணெய் வாங்கப் போனால் சுரங்கக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? இந்தச் சங்கடம் மற்ற ரயில்வேக்களுக்கு இந்த அளவு இல்லை.

இரண்டாவது வரி, சொந்தப் பணிமனை. இன்ஜின் வேண்டுமென்றால் அமெரிக்க ரயில்வேக்கள் பெரும்பாலும் பால்ட்வின், லைமா, அல்கோ என்று மூன்று பெரிய கம்பெனிகளிடம்தான் போகும். என் அண்ட் டபிள்யூவும் ஆரம்பத்தில் வாங்கியதுதான். ஆனால் 1927இல் இருந்து ரோனோக்கிலேயே கட்டிக்கொள்ளும் வழக்கம் ஊன்றிவிட்டது. 1884 தொடங்கி 1953 வரை அங்கே கட்டியவை 447. அதில் 295 இந்தப் பிற்காலத்தில். வரைபடம் போடுகிறவர், வார்க்கிறவர், ஓட்டுகிறவர், பழுது பார்க்கிறவர் எல்லோருக்கும் ஒரே கம்பெனிச் சம்பளம். ஒரு பேரிங் அடிக்கடி சூடானால் செய்தி வரைபட மேசைக்குப் போக நாலு தெரு தாண்டினால் போதும். அடுத்த இன்ஜினில் அந்தக் குறை இருக்காது.

1930களின் நடுவில் ஒரு பெரிய முடிவு எடுத்தார்கள். ஊர்ப்பட்ட ரகங்களை வைத்துக்கொண்டு அல்லாடாமல், பிரதான பாதையின் பாரத்தை மூன்று ரகங்களில் ஏற்றிவிடுவது. மலையில் கரி இழுக்க ஒய்6, வேகமான சரக்குக்கு ஏ, பயணிகளுக்கு ஜே. கிளைப் பாதைகளில் 1906 வாக்கில் வந்த எம் ரகக் கிழவர்கள் 1950களிலும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஊழியர்கள் 'மாலி' என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். ஆனால் காசு சம்பாதித்தது மேலே சொன்ன மூன்றும்தான்.

மூன்றில் அழகு ஜே. எனக்கு வியப்பு ஒய்6.

வழக்கமான நீராவி இன்ஜினில் பாய்லரிலிருந்து வரும் ஆவி பிஸ்டனை ஒருமுறை தள்ளிவிட்டுப் புகைக்கூண்டு வழியாகப் போய்விடும். அதில் இன்னும் கொஞ்சம் சத்து மிச்சம் இருக்கும். கரும்புச் சாறு கடையில் பார்த்திருப்பீர்கள்: ஒருமுறை பிழிந்த கரும்பை மடித்து மறுபடியும் உருளைக்குள் விடுவார். அனதோல் மாலே என்ற சுவிஸ் பொறியாளர் 1884இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு கிட்டத்தட்ட அதுதான். பாய்லருக்கு அடியில் இரண்டு தொகுதிச் சக்கரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி சிலிண்டர். புது ஆவி முதலில் பின்தொகுதியின் சிறிய சிலிண்டர்களுக்குப் போகிறது. அங்கே வேலை செய்து அழுத்தம் குறைந்து விரிந்த ஆவி, முன்தொகுதியின் பெரிய சிலிண்டர்களுக்குப் போய் இன்னொரு தடவை தள்ளுகிறது. ஒய்6இல் பின்சிலிண்டரின் விட்டம் 25 அங்குலம், முன்சிலிண்டர் 39 அங்குலம். கொப்பரை மாதிரி இருக்கும் அந்த முன்சிலிண்டர்களைப் படத்தில் ஒருமுறை பார்த்தால் போதும், வேறு எந்த இன்ஜினோடும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். முன்தொகுதி கீலில் திரும்பும், அதனால் இவ்வளவு நீள இன்ஜின் மலை வளைவுகளில் நெளிந்து போக முடிந்தது.

கிளம்பும்போது மட்டும் ஒரு தந்திரம். நின்ற இடத்திலிருந்து பாரத்தை அசைப்பதுதான் கஷ்டம் என்பதால், டிரைவர் ஒரு வால்வைத் திருப்பி நான்கு சிலிண்டருக்கும் புது ஆவியே கொடுப்பார். அப்போது இழுவிசை சுமார் 1,52,000 பவுண்ட். வண்டி நகர்ந்து நடை பிடித்ததும் சிக்கன முறைக்கு மாற்றிவிடுவார், சுமார் 1,26,000 பவுண்ட்.

கரி மிச்சம் பிடிக்கும் இந்த முறையை மற்ற அமெரிக்க ரயில்வேக்கள் 1920களிலேயே கைகழுவ ஆரம்பித்துவிட்டன. நடை ரொம்ப மெதுவு என்பது குற்றச்சாட்டு. கொஞ்சம் வேகம் எடுத்தால் குழாயும் வால்வும் ஆவியைத் தாராளமாக விடாது, முன்னாலிருக்கும் கனமான பிஸ்டன்கள் தண்டவாளத்தைப் போட்டு அடிக்கும். ரோனோக் ஆட்கள் மாலே முறையைத் தூக்கிப்போடாமல் குறையை உட்கார்ந்து சரிசெய்தார்கள். ஆவிப் பாதைகளைப் பெரிதாக்கினார்கள், இன்ஜினின் அடிச்சட்டத்தை ஒரே வார்ப்பாக எஃகில் வார்த்தார்கள், அச்சுகளில் உராய்வைக் குறைக்கும் ரோலர் பேரிங் போட்டார்கள். மணிக்கு 50 மைல் வரை ஓடக்கூடிய மாலே கிடைத்தது. 1936 முதல் 1952 வரை ஒய்6, ஒய்6ஏ, ஒய்6பி என மொத்தம் 81 கட்டினார்கள்.

ஏ ரகம் இதற்கு நேர்மாறான ஆள். அதுவும் கீல் வைத்ததுதான், ஆனால் நான்கு சிலிண்டரிலும் புது ஆவி, சக்கரம் 70 அங்குல உயரம். மலை இறங்கிச் சமதளத்துக்கு வந்ததும் ஓஹையோ பக்கம் பத்தாயிரம் டன்னுக்கு மேல் கரியைக் கட்டி இழுத்தது இதுதான். 1936 முதல் 1950 வரை 43. 1950களில், இன்ஜினோடு கரியும் தண்ணீரும் சுமந்து வரும் டெண்டர் வண்டிக்குப் பின்னால் இன்னொரு தண்ணீர்த் தொட்டி வண்டியையும் மாட்டினார்கள். வழியில் தண்ணீருக்கு நின்றால் அத்தனை டன்னையும் மறுபடி அசைக்க வேண்டுமே! நிற்காமல் போனால் மிச்சமாகும் நேரத்தில் ஒரு நாளைக்கு இன்னும் சில வண்டிகள் விடலாம்.

ஜே ரகத்துக்கு வருவோம். 600 முதல் 613 வரை பதினாலே பதினாலுதான், 1941 முதல் 1950 வரை கட்டியவை. தோட்டா மாதிரி மூக்கு, கறுப்பு உடம்பு, பக்கவாட்டில் செம்பழுப்புப் பட்டை, மஞ்சள் எழுத்து. வேக இன்ஜின்களுக்கு அந்தக் காலத்தில் 77 முதல் 80 அங்குலச் சக்கரம் போடுவார்கள். மலை ஏற வேண்டும் என்பதால் ஜேக்கு 70 அங்குலம்தான். சின்னச் சக்கரம் வேகத்துக்கு ஆகாது என்பது பொது விதி. ஆனால் அச்சுகளிலும் இணைப்புத் தண்டுகளிலும் ரோலர் பேரிங் போட்டு, சக்கரத்தின் எதிரெடையை நுணுக்கமாகச் சரிபார்த்து அந்த விதியை வளைத்துவிட்டார்கள். பென்சில்வேனியா ரயில்வேயின் தட்டையான பாதையில் 610ஐக் கொண்டுபோய்ச் சோதித்தபோது, 15 பெட்டியோடு மணிக்கு 110 மைல் தொட்டது. நார்ஃபோக்கிலிருந்து சின்சினாட்டிவரை சுமார் 676 மைல், ஒரே இன்ஜின். நடுவழியில் ஆள் மாறுவார்கள், இன்ஜின் மாறாது.

இவ்வளவு சொல்லியும், இந்த ரயில்வேயின் உண்மையான சாமர்த்தியம் இன்ஜினில் இல்லை, ஷெட்டில் இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

டீசல் விற்க வந்தவர்கள் சொன்ன வாதம் பலம் பற்றியது இல்லை. "உங்கள் நீராவி இன்ஜின் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வண்டி இழுக்கிறது, எத்தனை மணி நேரம் ஷெட்டில் கிடக்கிறது?" என்று கேட்டார்கள். பழைய முறையில் ஷெட்டுக்கு வந்த இன்ஜினின் சாம்பலைத் தட்டி, நெருப்பைச் சுத்தம் செய்து, கரியும் தண்ணீரும் மணலும் ஏற்றி, ஒருவர் எண்ணெய்க் குடுவையோடு அடியில் புகுந்து ஒவ்வொரு மூட்டாகத் தேடி எண்ணெய் விட வேண்டும். பாதி நாள் அதிலேயே போய்விடும்.

என் அண்ட் டபிள்யூ இந்த வாதத்தை அதன் இடத்திலேயே எதிர்கொண்டது. ரோனோக்கில் ஷாஃபர்ஸ் கிராசிங் ஷெட்டில் கார் சர்வீஸ் நிலையம் மாதிரி ஒரு நீளக் கூடம் கட்டினார்கள். பெயர் லூப்ரிடோரியம். இன்ஜின் ஒரு முனையில் நுழையும். அதற்கு முன்பே வெளியே வரிசையாகச் சாம்பல் குழி, கரித் தொட்டி, தண்ணீர்க் குழாய். உள்ளே வந்து நின்றதும் இரண்டு பக்கமும் ஆட்கள் எண்ணெய்க் குழாயும் கிரீஸ் துப்பாக்கியுமாக இறங்குவார்கள். எண்ணெய் அழுத்தத்தில் வருவதால் ஊற்றிக்கொண்டு நிற்கும் வேலை இல்லை. ஓடும்போது இன்ஜினே தனக்கு எண்ணெய் போட்டுக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு: ஜே ரகத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு இயந்திரமே எண்ணெய் அனுப்பியது. சுமார் ஒரு மணி நேரத்தில் இன்ஜின் மறுமுனையில் வெளியே வந்து அடுத்த வண்டிக்குத் தயாராக நிற்கும். புளூஃபீல்ட், வில்லியம்சன், போர்ட்ஸ்மவுத் ஷெட்டுகளுக்கும் இதே பாணி போனது.

மற்ற ரயில்வேக்கள் இருபது முப்பது வருஷப் பழைய இன்ஜினை, அதற்கும் பழைய ஷெட்டில் வைத்துக்கொண்டு, அதைப் புத்தம்புது டீசலோடு ஒப்பிட்டன. முடிவு எப்படி வரும் என்று சொல்ல வேண்டுமா? இவர்கள் ஒப்பிட்டதோ புது நீராவியும் புது டீசலும்.

அதைப் பரீட்சை வைத்தும் பார்த்தார்கள். 1952இல் ஜெனரல் மோட்டார்ஸின் எஃப்7 டீசலில் நான்கு யூனிட்டைக் கோத்துக்கொண்டுவந்து, அதே பாதையில் அதே மாதிரிச் சரக்கோடு ஒய்6பிக்கும் ஏக்கும் எதிராக ஓட்டினார்கள். ஏறக்குறைய சமன் என்று கணக்கு வந்தது. மற்ற ரயில்வேக்களில் டீசல் சுலபமாக ஜெயித்த ஆட்டம் இங்கே டிரா.

இதைவிட விசித்திரமான ஒன்று உண்டு. எல்க்ஹார்ன் என்ற செங்குத்தான மலைப்பகுதியில் 1915 முதலே மின்சார இன்ஜின்கள் ஓடின. குறுகலான சுரங்கப்பாதையில் நீராவிப் புகை மூச்சுமுட்ட வைத்ததுதான் காரணம். 1950இல் ஏற்றம் குறைந்த, அகலமான புதுச் சுரங்கம் திறந்ததும் மின்சாரக் கம்பியைக் கழற்றிவிட்டு நீராவியை மறுபடியும் விட்டார்கள். அதே வருஷம் பக்கத்து செசபீக் அண்ட் ஓஹையோ ரயில்வே டீசலுக்கு மாறும் அவசரத்தில், 1948இல்தான் வாங்கியிருந்த முப்பது ஷன்டிங் இன்ஜின்களைத் தள்ளிவிட, என் அண்ட் டபிள்யூ அள்ளிக்கொண்டது. பிடித்துப்போய் அதே மாதிரியில் இன்னும் 45 தானே கட்டியது. அந்த வரிசையின் கடைசிதான் 244.

நீராவியின் அடுத்த படி என்ன என்றும் தேடிப் பார்த்தார்கள். 1954இல் பால்ட்வின் கம்பெனி கட்டிக்கொடுத்த 2300 எண் இன்ஜினில் பிஸ்டனே கிடையாது. கரி எரித்து ஆவி, ஆவியில் டர்பைன், டர்பைனில் மின்சாரம், மின்சாரத்தில் சக்கரம்: ஒரு சின்ன அனல் மின்நிலையத்தைத் தண்டவாளத்தில் ஏற்றியது மாதிரி. டெண்டரோடு நீளம் 161 அடி, 4,500 குதிரைத்திறன். பட்டப்பெயர் ஜான் ஹென்றி. மேற்கு வர்ஜீனியாவில் சுரங்கம் குடைந்த நீராவித் துளைப்பானோடு கைச்சுத்தியலால் போட்டி போட்டு ஜெயித்து, அந்த இடத்திலேயே செத்துப்போனதாக நாட்டுப்பாடலில் வரும் கறுப்பினத் தொழிலாளியின் பெயர். செத்தவன் பெயரைப் புது இன்ஜினுக்கு வைத்தவரை என்னவென்று சொல்ல! இந்த இன்ஜின் கரியை மிச்சப்படுத்தியது உண்மை. ஆனால் கரித்தூளும் தண்ணீரும் மின்மோட்டார்களுக்குள் புகுந்தன, விலையும் கட்டுபடியாகவில்லை. 1958 ஜனவரியில் ஓரங்கட்டினார்கள்.

அப்படியானால் தோற்றது எங்கே? தண்டவாளத்தில் நடந்த ஓட்டத்தில் இல்லை. நாட்டில் மற்ற எல்லோரும் நீராவியை விட்டுவிட்டால், ஊட்டுநீர் பம்பு, இன்ஜெக்டர், எண்ணெய்க் கருவி என்று சின்னச் சின்ன பாகம் செய்துவந்த கம்பெனிகளுக்கு வாடிக்கையாளர் ஒருவர்தான் மிச்சம். அவருக்காக மட்டும் பட்டறை திறந்து வைப்பார்களா? கடைகள் ஒவ்வொன்றாக மூட, ரோனோக் பணிமனை எல்லாவற்றையும் தானே செய்துகொள்ள வேண்டிய நிலை. ஆள் கூலியும் ஏறியது. நீராவியில் முன்னால் ஒரு இன்ஜின், பின்னால் தள்ள ஒரு இன்ஜின் என்றால் இரண்டு டிரைவர், இரண்டு ஃபயர்மேன். டீசலில் நான்கு யூனிட்டைக் கோத்தாலும் ஒரே ஜோடி ஆள் ஓட்டலாம். 1955இல் கிளைப் பாதைகளுக்கு என்று முதல் டீசல்கள் வந்தன. 1957, 58இல் நாட்டின் பொருளாதாரம் சரிய, கரிப் போக்குவரத்தும் விழுந்தது.

1958இல் தலைமைப் பதவிக்கு வந்த ஸ்டூவர்ட் சாண்டர்ஸ் வக்கீல். அவருக்கு முன்பிருந்தவர்களைப் போல நீராவியோடு வளர்ந்தவர் இல்லை. டீசல் ஆர்டர்கள் மளமளவென்று போயின. அந்தக் கோடையில் ஜே ரகத்தைப் பயணிகள் வண்டியிலிருந்து இறக்குவதற்குச் சொந்த டீசல் வரும்வரைகூட அவர் காத்திருக்கவில்லை, பக்கத்து ரயில்வேக்களிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார். எட்டு வருஷமே ஆகியிருந்த 611 எண் ஜே சரக்கு இழுக்கப் போனது. 1960 மே மாதத்தோடு நெருப்பு அணைந்தது. கணக்காகப் பார்த்தால் சாண்டர்ஸ் செய்தது தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐந்து வருஷம் கழித்து யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள். அவர் பின்னர் தலைமை ஏற்ற பென் சென்ட்ரல் ரயில்வே 1970இல் திவாலானது வேறு கதை.

அந்தக் கடைசி ஐந்து வருஷத்தைப் பார்த்த கண் ஒன்று இருக்கிறது. நியூயார்க்கின் விளம்பரப் புகைப்படக்காரர் ஓ. வின்ஸ்டன் லிங்க் 1955இல் இந்தப் பாதைக்கு வந்தார். இரவில், டஜன்கணக்கான ஃபிளாஷ் பல்புகளைக் கம்பி இழுத்து இணைத்து, ஒரே நொடியில் மொத்தப் பள்ளத்தாக்கையும் வெளிச்சமாக்கிப் படம் எடுத்தார். சூரியனைத் தன்னால் நகர்த்த முடியாது, விளக்கை நகர்த்தலாம் என்பது அவர் கட்சி. கறுப்பு இன்ஜின், வெள்ளைப் புகை, வீட்டுத் திண்ணையில் சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். ரோனோக்கின் பழைய பயணிகள் நிலையக் கட்டடம் இப்போது அவருடைய படங்களின் அருங்காட்சியகம்.

இன்ஜின்களில் பிழைத்தவை சொற்பம். 14 ஜேயில் ஒன்று, 43 ஏயில் ஒன்று, 81 ஒய்6இல் ஒன்று. மூன்றும் பிழைத்த விதம் சுவாரஸ்யம். 611 1956 ஜனவரியில் டக் ஆற்றோரம் தடம் புரண்டு சாய்ந்தது. அதனால் பணிமனையில் முழுசாகப் புதுப்பித்தார்கள், கடைசிக் காலத்தில் நல்ல நிலையில் இருந்த ஜே அதுவாக இருந்தது. ஏ ரகத்தின் 1218ஐ யூனியன் கார்பைட் கம்பெனி வாங்கியது, ரயிலுக்காக இல்லை, ஆலையில் நிறுத்திவைத்து பாய்லராகப் பயன்படுத்த! பாய்லராக விற்றதால் இன்ஜின் பிழைத்தது. ஒய்6ஏ 2156 செயிண்ட் லூயிஸ் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1980களில் 611ஐயும் 1218ஐயும் மறுபடியும் எரியூட்டிச் சுற்றுலா வண்டிகளில் ஓட்டினார்கள். 1990களில் அதுவும் நின்றது.

2015இல் 611 இன்னொரு முறை பழுது பார்க்கப்பட்டு நீராவியோடு ரோனோக் திரும்பியது. 2156உம் இரவலாக வந்திருந்தது. பிறந்த ஊரில் ஏ, ஜே, ஒய் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. 2020இல் 2156 செயிண்ட் லூயிஸுக்குத் திரும்பிப் போனது. அதே வருஷம், என் அண்ட் டபிள்யூவின் வாரிசான நார்ஃபோக் சதர்ன், ரோனோக் பணிமனையின் இன்ஜின் வேலைகளைப் பென்சில்வேனியாவின் அல்டூனாவுக்கு மாற்றியது.